சிறிய எழுத்தில் இருந்த தகைமை

அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் வாழும் என் தமக்கையின் மகளிடமிருந்து 2016 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. வழமையான நலம் விசாரிப்பு எதுவும் அதில் இல்லை. பல்கலைக்கழகம் ஒன்றின் அறிவித்தலை வெட்டி ஒட்டி, அதன் கீழே இரண்டே வரிகள் எழுதியிருந்தாள். "மாமா, இதை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. உயிரியல் படிச்ச என்னைத் திரும்பக் கணக்குப் படிச்சிட்டு வரச் சொல்லுறாங்கள்."

அறிவித்தலை இரண்டு தடவை வாசித்தேன். உயிரியல் தொழில்நுட்பத்தையும் உயிரியற் பொறியியலையும் ஒன்றாகச் சேர்த்து வழங்கப்படும் பட்டப்பின் சான்றிதழ்க் கற்கைநெறி அது. மொத்தம் நான்கு பாடங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்புகளில் படித்து முடிக்கலாம். பின்னர் முதுமாணிப் பட்டத்துக்குச் சேர விரும்பினால் அந்த நான்கு பாடங்களும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். தகைமைகள் என்ற பகுதியில் நான்கு ஆண்டு இளமாணிப் பட்டம், தரப்புள்ளிச் சராசரி 4 இற்கு 3, ஆங்கிலத் தேர்ச்சி என்பன வழமையான அளவு எழுத்தில் இருந்தன. அவற்றின் கீழே, அடிக்குறிப்பைப் போலச் சற்றுச் சிறிய எழுத்தில், உயிரியல் துறையிலிருந்து வருவோர் இரண்டு தவணை நுண்கணிதமும் வகையீட்டுச் சமன்பாடுகளும் படித்திருத்தல் வேண்டும் என்றும், பொறியியல் துறையிலிருந்து வருவோர் உயிரிரசாயனத்திலோ கல உயிரியலிலோ ஒரு பாடமேனும் படித்திருத்தல் வேண்டும் என்றும் குறிப்பிடப்பட்டிருந்தது.

என் மருமகள் இலங்கையில் விலங்கியலையும் இரசாயனத்தையும் முக்கிய பாடங்களாகப் படித்துப் பட்டம் பெற்றவள். 2010 இல் கணவருடன் அமெரிக்கா சென்ற பிறகு ஆறு ஆண்டுகள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவள். மூத்த பிள்ளை பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் மருந்துக் கடையொன்றில் உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். அந்தக் கடைக்கு வெகுதூரத்தில் இல்லாத கேம்பிரிஜ் நகரின் கெண்டல் சதுக்கத்தைச் சுற்றி, உலகின் பெரிய உயிரியல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்த மருந்துப் போத்தல்கள் எங்கே தயாராகின்றன என்று தெரிந்தும் அவற்றை இறாக்கையில் அடுக்கிக்கொண்டிருப்பது தன்னால் முடியவில்லை என்று ஒருமுறை தொலைபேசியில் சொன்னாள். அந்த வார்த்தையின் கனம் எனக்கு அப்போது பிடிபடவில்லை.

அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது என் கை ஓடவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

1990 களில் நான் பணியாற்றிய பத்திரிகையில் வாரந்தோறும் கல்விப் பக்கம் ஒன்று வெளிவந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் அறிவித்தல்கள் தூதரகங்கள் ஊடாகவும் தகவல் நிலையங்கள் ஊடாகவும் எங்கள் மேசைக்கு வரும். அவற்றைத் தமிழில் சுருக்கித் தருவது சில காலம் என் பொறுப்பாக இருந்தது. நான்கு பக்க அறிவித்தலை நான்கு அங்குலத்துக்குள் அடக்குவது ஒரு வித்தை என்று அந்நாளில் எனக்குப் பெருமையும் உண்டு. "விஞ்ஞானப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம்" என்று ஒரு வரி. அதோடு முகவரி, முடிவுத் திகதி. முன்பே படித்திருக்கவேண்டிய பாடங்களின் பட்டியல் எப்போதும் கடைசிப் பந்தியில் வரும். இடப்பற்றாக்குறை ஏற்படும்போது கடைசிப் பந்திதான் முதலில் வெட்டப்படும்.

ஒருநாள் மதியம் விவசாயப் பட்டதாரியான ஓர் இளைஞர் காரியாலயத்துக்கு வந்தார். கையில் எங்கள் பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்த துண்டு இருந்தது. உயிரிரசாயனப் பொறியியலில் ஒரு பட்டப்பின் படிப்புக்கு அவர் விண்ணப்பித்திருக்கிறார். விண்ணப்பக் கட்டணத்தை வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வரைவோலையாக எடுத்து அனுப்பியிருக்கிறார். அதற்காகத் தாயாரின் சங்கிலி ஈடு வைக்கப்பட்டிருக்கிறது. மூன்று மாதங்களின் பின்னர், கணிதப் பாடங்கள் இல்லாத காரணத்தால் விண்ணப்பம் பரிசீலிக்கப்படவில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்திருக்கிறது. "ஐயா, இதில அப்பிடி ஒண்டும் போடேல்லையே" என்று துண்டைக் காட்டினார். இடம் போதவில்லை என்று நான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. துண்டை மறுபடியும் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவருடைய பெயரைக் கூட நான் கேட்டு வைக்கவில்லை.

ஆகவே இந்தமுறை, சிறிய எழுத்தில் இருப்பதை முழுதாக விளங்கிக்கொள்ளாமல் ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை என்று தீர்மானித்தேன். ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அதற்காகச் செலவாயின. பழைய நண்பர்களான இரு விரிவுரையாளர்களைத் தொந்தரவு செய்தேன். அப்போது அறிந்தவற்றையும், பின்னர் அவளுடைய அனுபவத்தினூடாகக் கற்றவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். பல நாடுகளிலும் இருந்து இப்பக்கத்தை வாசிக்கும் பெற்றோர் சிலருக்கேனும் இது உதவக்கூடும்.

முதலில் சான்றிதழ் என்ற சொல்லே ஒரு பொறி. நம் நாட்டில் பிறப்புக்கும் சான்றிதழ், நற்பண்புக்கும் சான்றிதழ், ஆறுவாரத் தட்டெழுத்து வகுப்புக்கும் சான்றிதழ். பட்டப்பின் சான்றிதழ் என்பது அவ்வாறானதன்று. ஆனால் அது என்ன என்பதும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் இது முதுமாணி மட்டத்துப் பாடங்களில் ஒரு பகுதி. பெரும்பாலும் நான்கு பாடங்கள், ஒவ்வொன்றும் மூன்று கிரெடிற், ஆக 12. ஐக்கிய இராச்சியத்திலோ ஒரே மாதிரி ஒலிக்கும் இரு பெயர்கள் உள்ளன. 'கிராஜுவேற் சேர்ட்டிபிக்கற்' என்றால் அது இளமாணி இறுதியாண்டின் மட்டத்தில், அதாவது 6 ஆம் மட்டத்தில் நிற்கிறது. 'போஸ்ற்கிராஜுவேற் சேர்ட்டிபிக்கற்' என்றால்தான் முதுமாணிக்குரிய 7 ஆம் மட்டம், 60 கிரெடிற். அவுஸ்திரேலியாவில் கிராஜுவேற் சேர்ட்டிபிக்கற் 8 ஆம் மட்டத்தில், வழமையாக அரையாண்டு முழுநேரப் படிப்பு. கனடாவின் ஒன்ராறியோவில் அதே பெயரில் கல்லூரிகள் வழங்குவது டிப்ளோமாவோ பட்டமோ முடித்தவர்களுக்கான தொழில்சார் படிப்பு, பெரும்பாலும் ஓராண்டு. இலங்கையின் தேசிய தகைமைச் சட்டகத்தில் பட்டப்பின் சான்றிதழ் 7 ஆம் மட்டம், 20 கிரெடிற்.

இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும்போது பத்திரிகைக்காரனுக்கே உரிய கணக்குப் புத்தி வேலை செய்தது. இலங்கையில் ஒரு கிரெடிற் என்பது 50 மணி நேரக் கற்றல். ஆகவே 20 கிரெடிற் 1000 மணி. ஐக்கிய இராச்சியத்தில் ஒரு கிரெடிற் 10 மணி என்பதால் 60 கிரெடிற் 600 மணி. அமெரிக்க முறையில் வாரம் ஒரு மணி வகுப்பு, இரு மணி வீட்டு வேலை, அதைப் பதினைந்து வாரங்களால் பெருக்கினால் ஒரு கிரெடிற்றுக்கு 45 மணி. 12 கிரெடிற் 540 மணி. ஆகக் குறைந்த கிரெடிற் எண்ணைக் கொண்டு ஒரு படிப்பு இலகுவானது என்றோ, கூடிய எண்ணைக் கொண்டு கடினமானது என்றோ முடிவுசெய்ய இயலாது. எங்கள் கல்விப் பக்கத்தில் நான் பல தடவை அவ்வாறு எழுதியிருக்கிறேன்.

அடுத்தது நான்கு ஆண்டுப் பட்டம் என்ற நிபந்தனை. இலங்கையின் விஞ்ஞான பீடங்களில் மூன்றாண்டுப் பொதுப் பட்டமும் நான்காண்டுச் சிறப்புப் பட்டமும் உண்டு என்பதை வாசகர்கள் அறிவர். போர்க்காலத்தில் நான்காம் ஆண்டுக்குத் தெரிவாகும் தகுதி இருந்தும், சீக்கிரம் வெளியேறி உழைக்கவேண்டும் என்பதற்காகப் பொதுப் பட்டத்தோடு நின்றவர்கள் எத்தனையோ பேர். என் மருமகளும் அவர்களுள் ஒருத்தி. வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் தனியார் நிலையமொன்று, அவளுடைய பட்டத்தை அமெரிக்கப் பட்டத்துக்குச் சமம் என்று கொள்ளாமல், மூன்றாண்டுப் பல்கலைக்கழகக் கல்வி என்று மட்டும் குறித்து அனுப்பியது. அன்றிரவு அவள் தொலைபேசியில் பேசவில்லை. கணவர்தான் பேசினார்.

அதோடு புள்ளிகளின் சிக்கல் வேறு. நமது பல்கலைக்கழகங்களில் 70 புள்ளி எடுத்தால் அது அதிசிறப்பு. 65 எடுத்தவன் நல்ல மாணவன். அமெரிக்கப் பாடசாலையில் 65 எடுத்த பிள்ளையின் பெற்றோரை ஆசிரியர் அழைத்துப் பேசுவார். எங்கள் முறையை விளக்கும் அட்டவணை பெறுபேற்றுத் தாளின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அவள் முன்பக்கத்தை மட்டும் படியெடுத்து அனுப்பியிருக்கிறாள். பின்பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு அவளுடைய தரப்புள்ளிச் சராசரி 3 இற்கு மேலே போனது. ஒரு தாளின் பின்பக்கம்! இதை வாசிக்கும் எவரேனும் விண்ணப்பிக்க இருந்தால் தயவுசெய்து இரு பக்கங்களையும் அனுப்புங்கள்.

நான்கு ஆண்டு நிபந்தனைக்கு வழி பிறந்தது அந்தக் கற்கைநெறியின் பணிப்பாளரிடம் நேரில் போய்ப் பேசியதால். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பட்டத்துக்கோ சான்றிதழுக்கோ பதியாத மாணவராகச் சில பாடங்களைப் படிக்க அனுமதிப்பார்கள். முதல் இரண்டு பாடங்களை அவ்வாறு படித்து இரண்டிலும் 'பி' தரத்துக்குக் குறையாமல் எடுத்தால் முறைப்படி சேர்த்துக்கொள்வதாக அவர் சொன்னார். ஆனால் கணிதம் இல்லாமல் முதற் பாடத்துக்கே அனுமதி கிடையாது என்பதில் மட்டும் அவர் அசையவில்லை.

ஏன் அந்தப் பிடிவாதம்? இதுதான் என்னை உறுத்திய கேள்வி. அந்த இளைஞர் அன்று என்னிடம் கேட்காமல் போனதும் இதுவே.

விரிவுரையாளர் நண்பர் தொலைபேசியில் சொன்ன பதில் எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து தொடங்கியது. அப்பத்துக்கு மாவைக் கரைத்து, கள்ளு விட்டு மூடி வைக்கிறோம். மதுவம் வேலைசெய்து காலையில் மா பொங்கியிருக்கும். இதற்கு எவருக்கும் நுண்கணிதம் தேவைப்படவில்லை. இப்போது அந்தப் பானையை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பத்து மடங்காக்குங்கள். உள்ளே பிடிக்கும் மாவு 1000 மடங்காகும். ஆனால் பானையின் வெளிப்பரப்போ 100 மடங்குதான் ஆகும். நொதிக்கும்போது உண்டாகும் வெப்பம் மாவின் அளவைப் பொறுத்தது. அது வெளியேறுவதோ பரப்பின் ஊடாக. சின்னப் பானையில் தானாக ஆறிய வெப்பம் பெரிய பானையில் போக வழியின்றி உள்ளேயே தங்கி, மதுவத்தைக் கொன்றுவிடும். ஒரு பானையில் நன்றாக நடந்தது ஆயிரம் பானையளவு கொள்கலனில் நடவாமல் போவதற்கு உயிரியலில் எந்தப் பிழையும் இல்லை. அந்தக் கொள்கலனுக்குள் எவ்வளவு குளிர்நீர்க் குழாய் ஓடவேண்டும் என்று கணக்கிடத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

வெப்பத்தைவிடப் பெரிய சிக்கல் ஒட்சிசன். சீனியை நீரில் எவ்வளவு வேண்டுமானாலும் கரைக்கலாம். ஒட்சிசனோ, காற்றோடு கலந்து நிற்கும் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் மட்டுமே கரையும். கோடிக்கணக்கான கலங்கள் அதைக் கணப்பொழுதில் குடித்துத் தீர்த்துவிடும். ஆகவே ஓயாமல் காற்றை ஊதி, குமிழிகளைச் சிறிதாக உடைத்து, கலக்கிக்கொண்டே இருக்கவேண்டும். மெதுவாகக் கலக்கினால் கலங்கள் மூச்சடைத்து இறக்கும். வேகமாகக் கலக்கினால், விலங்குக் கலங்களாயின், பிய்ந்து இறக்கும். எவ்வளவு வேகம் சரியானது என்பதற்கு விடை வகையீட்டுச் சமன்பாடுகளில் இருக்கிறது.

இந்தத் துறை பிறந்த கதையும் இதையே சொல்கிறது. 1941 பெப்ரவரியில் ஒக்ஸ்போர்ட்டில் அல்பேர்ட் அலெக்சாண்டர் என்ற பொலிஸ்காரருக்கு பெனிசிலின் ஏற்றப்பட்டது. கிருமித் தொற்றால் சாகக் கிடந்தவர் தேறத் தொடங்கினார். ஆனால் கையிருப்பு தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்துத் திரும்ப ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை. மார்ச் மாதம் அவர் இறந்தார். ஃபுளோரி, செயின், ஹீற்லி ஆகியோரின் உயிரியலும் இரசாயனமும் அங்கே தோற்கவில்லை. தட்டையான பாத்திரங்களின் மேற்பரப்பில் பூஞ்சணத்தை வளர்த்து எடுக்கக்கூடிய அளவு அவ்வளவுதான். அதே ஆண்டில் ஃபுளோரியும் ஹீற்லியும் அமெரிக்கா சென்றனர். இலினோய் மாநிலத்தின் பியோரியா நகரில் இருந்த அரச ஆய்வுகூடத்தில், சோளத்திலிருந்து மாப்பொருள் எடுக்கும்போது எஞ்சும் கழிவுநீரை ஊட்டமாகக் கொடுத்து விளைச்சலைப் பெருக்கினார்கள். பூஞ்சணத்தைப் பாத்திரத்தின் மேற்பரப்பில் அல்லாமல், கிருமிநீக்கிய காற்றை ஊதும் ஆழமான தொட்டிக்குள் மூழ்கடித்து வளர்க்கும் முறை அங்கிருந்து தொழிற்சாலைகளுக்குப் பரவியது. 1944 மார்ச்சில் பைசர் நிறுவனம் புரூக்ளினில் பழைய ஐஸ் தொழிற்சாலையொன்றைத் திருத்தி, அத்தகைய தொட்டிகளில் உற்பத்தியைத் தொடங்கியது.

அந்தத் தொட்டிகளுக்குப் பின்னால் இருந்த பொறியியலாளர்களுள் மார்கரெற் ஹச்சின்சன் என்ற பெண்மணி ஒருவர். 1937 இல் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் இரசாயனப் பொறியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் அத்துறையில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். வணிக அளவிலான முதலாவது பெனிசிலின் உற்பத்தி ஆலையை வடிவமைத்தவர் என்று அவரையே குறிப்பிடுகிறார்கள். அவர் பணியாற்றிய நிறுவனம் இருந்தது பொஸ்ரனில். என் மருமகள் மருந்துக் கடைக்குப் போய்வந்த அதே நகரம். இதை அவளுக்கு எழுதியபோது, பதில் வரவில்லை. ஆனால் அடுத்த வாரமே அருகிலிருந்த சமுதாயக் கல்லூரியொன்றில் நுண்கணித வகுப்புக்குப் பெயர் பதிந்ததாகத் தமக்கை சொன்னார்.

முப்பத்தாறு வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் நடுவே அவள் உட்கார்ந்தாள். முதற் பரீட்சையில் 41 புள்ளி. இரவில் பிள்ளைகள் தூங்கிய பின்னர், சமையலறை மேசையில் இருந்து அழுதுகொண்டே பயிற்சிகளைச் செய்தாளாம். அவளுக்கு எங்கே இடறியது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். சாதாரண தரம் முடிந்து பெறுபேறு வந்த மறுவாரமே நம் பிள்ளைகளை இரண்டு வரிசைகளாகப் பிரித்துவிடுகிறோம். வைத்தியர் ஆகவேண்டியவர்கள் ஒரு பக்கம். பொறியியலாளர் ஆகவேண்டியவர்கள் மறுபக்கம். 2000 ஆம் ஆண்டுக்கு முன்னர் நான்கு பாடங்கள் இருந்த காலத்தில் முதல் வரிசைக்குத் தாவரவியலும் விலங்கியலும், இரண்டாவது வரிசைக்குத் தூய கணிதமும் பிரயோக கணிதமும். பின்னர் பாடங்கள் மூன்றாகிப் பெயர்கள் மாறினாலும் சுவர் அதே இடத்தில்தான் நிற்கிறது. உயிரியலையும் இணைந்த கணிதத்தையும் ஒருங்கே படிக்க விரும்பும் பிள்ளைக்குப் பெரும்பாலான பாடசாலைகளில் நேரசூசியே இடந்தராது. பதினாறு வயதில் "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லி உயிரியலுக்கு வந்தவர்களும், "எனக்குப் பாடமாக்க வராது" என்று சொல்லிக் கணிதத்துக்குப் போனவர்களும் பின்னர் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை. 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டு, அதில் உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் ஒரு பாடமாக வந்ததும், கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் அதே துறையில் பட்டம் வழங்குவதும் நல்ல காரியங்கள். ஆனால் நன்றாகப் படிக்கும் பிள்ளையை அந்தப் பிரிவுக்கு அனுப்பப் பெற்றோர் இன்னமும் தயங்குகிறார்கள். நானும் என் பிள்ளைகளின் காலத்தில் அந்தப் பிரிவு இருந்திருந்தால் தயங்கித்தான் இருப்பேன்.

இரண்டாவது தவணையின் நடுவில் ஒருநாள் அவள் அழைத்தாள். குரலில் ஒரு துள்ளல். "மாமா, பற்றீரியா வளர்ச்சியில மடக்கை நிலை எண்டு ஒண்டு இருக்கு. பல்கலைக்கழகத்தில அந்த வளைகோட்டை எத்தினை தரம் கீறியிருப்பன். மடக்கை எண்டு ஏன் சொல்லுறாங்கள் எண்டு இப்பதான் விளங்குது." இருக்கும் கலங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வளரும் வேகமும் கூடுகிறது என்ற ஒற்றை வாக்கியத்தைச் சமன்பாடாக எழுதித் தீர்த்தால், தான் மனனம் செய்த அந்த வளைகோடு தாளில் தானாக வந்து நிற்கிறது என்றாள். நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கொருமுறை இரட்டிக்கும் ஒரு பற்றீரியா பத்து மணி நேரத்தில் 100 கோடிக்கு மேல் ஆகிவிடும் என்று எனக்குக் கணக்கும் போட்டுக் காட்டினாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் ஆறு ஆண்டுகளாகக் கேட்காத குரல் அது.

அந்தக் கற்கைநெறியில் பொறியியலாளர்களின் பாடு இதற்குச் சற்றும் குறைந்ததல்ல என்று பின்னர் அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். 1922 இலிருந்து பல பத்தாண்டுகளாக மாட்டினதும் பன்றியினதும் சதையியிலிருந்தே அது எடுக்கப்பட்டது. 1978 இல் மனித இன்சுலினுக்கான பரம்பரையலகைப் பற்றீரியாவுக்குள் செலுத்தி அதை உண்டாக்கிக் காட்டினார்கள். 1982 இல் அமெரிக்க அரசு அதை மருந்தாக அனுமதித்தது. பற்றீரியாவுக்குள் உண்டான புரதம் சரியாக மடிந்திருக்கிறதா, அதனோடு வேறு எவை ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று தெரியாத பொறியியலாளருக்குத் தொட்டி மட்டுமே தெரியும். தொட்டிக்குள் இருப்பது தெரியாது. இத்தகைய மருந்துகளில், பல வேளைகளில், வளர்ப்பதைவிடச் சுத்திகரிப்பதற்கே கூடுதல் செலவாகிறது. வகுப்பில் அவளுக்கு அருகே அமர்ந்திருந்த இயந்திரப் பொறியியலாளர் ஒருவர் அமினோ அமிலங்களின் பெயர்களைக் கையில் எழுதிக்கொண்டு வருவாராம். அவள் அவருக்குப் புரதத்தைச் சொல்லிக்கொடுத்தாள். அவர் அவளுக்குப் பாயிகளின் ஓட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார்.

இந்த இடத்தில் இலங்கையிலிருந்து விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு விடயத்தைக் கட்டாயம் சொல்லவேண்டும். என் மருமகள் ஏற்கெனவே கணவரின் விசாவின் மூலம் அங்கே வாழ்ந்தவள். அந்நிலையில் உள்ளவர்கள் படிப்பதற்குத் தடையில்லை. ஆனால் இங்கிருந்து மாணவர் விசாவில் போவதற்கு முழுநேரப் படிப்பு வேண்டும். நான்கு பாடங்களைப் பகுதிநேரமாகவோ இணையம் வழியாகவோ வழங்கும் சான்றிதழ்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் அதற்கான ஆவணத்தை வழங்குவதே இல்லை. "ஒரு சேர்ட்டிபிக்கற் போதும், விசா எடுத்துத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் முகவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன்னர், அந்தக் குறிப்பிட்ட கற்கைநெறிக்கு அந்த ஆவணம் உண்டா என்று பல்கலைக்கழகத்துக்கே நேரில் எழுதிக் கேளுங்கள். மின்னஞ்சலுக்குச் செலவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிரிரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிரியல் தொழில்நுட்ப நிறுவகமும், பேராதனையில் இயங்கும் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகமும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

2017 இன் இறுதியில் அவள் முதலிரண்டு பாடங்களில் ஒன்றில் 'ஏ', மற்றதில் 'பி' எடுத்து முறைப்படி சேர்க்கப்பட்டாள். 2019 இல் சான்றிதழ் கிடைத்தது. கணிதத்துக்காகச் செலவிட்ட காலத்தையும் சேர்த்தால் நான்கு பாடங்களுக்கு மூன்று ஆண்டுகள். இப்போது புரத மருந்துகளைத் தயாரிக்கும் ஆலையொன்றில் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை செய்கிறாள். முதுமாணியைத் தொடர்வதா என்று கேட்டால் சின்னவள் இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்கிறாள்.

அண்மையில், முன்பு நான் பணியாற்றிய பத்திரிகையின் கல்விச் சிறப்பிதழுக்காக, இந்தத் துறையில் பட்டப்பின் படிப்புக்கு என்னென்ன தகைமைகள் வேண்டும் என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். முன்கூட்டியே படித்திருக்கவேண்டிய பாடங்களை ஒவ்வொன்றாக, எதற்காக என்ற விளக்கத்தோடு எழுதி அனுப்பினேன். பக்கம் முடிக்கும் நாளன்று இரவு துணை ஆசிரியர் ஒருவர், என் பேரனின் வயது இருக்கும், தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, இடம் காணாமல் இருக்கு. கடைசிப் பந்தியை எடுத்துவிடட்டோ?"

கடைசிப் பந்தியில்தான் அந்தப் பட்டியல் இருந்தது. "தம்பி, மேலே என்ர படம் ஒண்டு போட்டிருப்பீங்கள் அல்லோ, அதை எடுத்துவிடுங்கோ" என்றேன். சிறிது நேரம் மறுமுனையில் சத்தம் இல்லை. பின்னர், அதை எடுத்தாலும் இரண்டு வரி இடிக்குது என்றார். முதற் பந்தியிலிருந்து இரண்டு வரிகளை நானே தொலைபேசியில் வெட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலை கடைக்குப் போய்ப் பத்திரிகை வாங்கி, அங்கேயே நின்று பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பட்டியல் முழுதாக இருந்தது.